வாயில் காப்போன்

டில்லியில் உபஹார் என்ற சினிமாக் கொட்டகை தீப்பற்றியது 1997 ஜூன் 13-ந் தேதி, மாட்டினிக் காட்சியின்போது. அதில் 17 வயது மகளையும் 13 வயது மகனையும் பறிகொடுத்த கிருஷ்ணமூர்த்தி தம்பதிகள் எழுதிய 'டிரயல் பை ஃபயர்' 2016-ல் வெளிவந்தது. படிக்கிறவர்கள் கொட்டகை முதலாளிகளை நினைத்துப் பல்லைக் கடிப்பார்கள். கடிக்க வேண்டியதுதான். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர்களை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிறவனைத் தேடுவான். நான் தேடியது பால்கனிக் கதவருகே நின்றிருக்க வேண்டிய சிப்பந்தியை.

அவன் அங்கே இல்லை. அடுத்தவனிடம் பொறுப்பை ஒப்படைக்காமலே போய்விட்டான். கதவு தாழிட்டபடி இருந்தது. வலதுபுற வழியை அதற்குப் பல வருஷம் முன்பே அதிகப்படி நாற்காலிகள் போட்டு அடைத்திருந்தார்கள். கீழே டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி வந்தது. 59 பேர் இறந்தார்கள். 'எழுந்து வெளியே போங்கள்' என்று ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

மற்றதெல்லாம் கிடக்கட்டும், இந்தக் கடைசி விஷயத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இதற்கு வீரம் வேண்டாம். தொண்டை இருந்தால் போதும். நடக்கிற காட்சியை நிறுத்த எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற தயக்கமே எல்லார் வாயையும் கட்டியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். டிக்கட் கிழிக்கவும் டார்ச் அடிக்கவும் பழக்கினார்கள். கத்தவும் பழக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

1977-ல் அமெரிக்காவில், கெண்டக்கி மாகாணத்தில், பெவர்லி ஹில்ஸ் என்ற கேளிக்கை விடுதி எரிந்தது. மேஜைகளிலிருந்து எச்சில் தட்டு எடுக்கும் 18 வயதுப் பையன் மேடையேறி, மைக்கை வாங்கி, வெளியேறும் வழிகளைக் காட்டினான். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிலர் உட்கார்ந்தே இருந்தார்களாம்! 165 பேர் மாண்டார்கள். அவன் வாய் திறந்திராவிட்டால் அந்தக் கணக்கு எங்கே போய் நின்றிருக்குமோ. அந்த விடுதிச் சிப்பந்திகளுக்கும் யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. இப்படி ஒரு பையன் வாய்த்தது தற்செயல். தற்செயலை நம்பியா ஆயிரம் பேரைக் கூட்டி உட்கார வைப்பது?

உபஹார் சிப்பந்தியின் கதையைப் பெற்றோர்கள் சொல்லவேண்டும் என்று கேட்பது அநியாயம். அவர்களுக்கு அவன் 16 பிரதிவாதிகளில் ஒருவன். அது எங்களைப் போன்றவர்கள் எழுத வேண்டிய கதை. இளங்கோவடிகள் பாண்டியன் வாயிலில் நின்ற காவலனை மறக்கவில்லை. வந்து நிற்பவள் எப்படிப்பட்டவள் என்று அரசனிடம் போய்ச் சொல்ல அவனுக்கு ஒரு வாய் கொடுத்தார். நமது நாவல்களிலோ அவன் கதவைத் திறந்துவிட்டு மறைந்துபோகிறான். அவனுக்கு என்ன சம்பளம், அவன் எப்போது வீட்டுக்குப் போவான், எந்தக் கதவு எந்தச் சந்தில் திறக்கிறது என்று யாராவது ஒரு நாள் அவனைக் கூட்டிப்போய்க் காட்டினார்களா என்று நாம் விசாரித்ததே இல்லை.