மணி பிளான்ட்டின் கீழ்ப்பாதி

மீன்தொட்டியில் வளரும் மணி பிளான்ட்டின் இலையை மட்டும் பார்ப்பது, கச்சேரிக்குப் போய் மேடை அலங்காரத்தைப் பார்த்துவிட்டு வருவது மாதிரி. சங்கதியெல்லாம் தண்ணீருக்குக் கீழே நடக்கிறது.

கணுவுக்குச் சற்றுக் கீழே கொடியை வெட்டி, வடியும் சாற்றைக் கழுவிவிட்டு (அதில் கால்சியம் ஆக்சலேட் உண்டு, நமைக்கும்), கணு மட்டும் முங்கும்படி தொட்டி விளிம்பில் செருக வேண்டும். ஓரிரு வாரத்தில் வெள்ளை முனை ஒன்று எட்டிப்பார்க்கும். மண்வேரின் முரட்டுத்தனம் இதில் இல்லை. தொட்டால் ஒடியும் இளவெள்ளை; உள்ளே காற்று ஓடும் இடைவெளிகள். மண்ணிலிருந்து பிடுங்கிய செடியை நீரில் வைத்தால் பழைய வேர் பெரும்பாலும் அழுகிப்போகும். புதுத் துண்டுதான் நல்லது.

மீன் கழிவின் அம்மோனியாவை ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்தான் கொடிக்குச் சாப்பாடு. நீருக்குள்ளேயே வாழும் செடிகள் கரியமில வாயு போதாமல் நிதானமாக வளரும். இதற்கோ இலை வெளியே, வேர் உள்ளே. இரண்டு பக்கமும் லாபம்.

அதற்காகத் தண்ணீர் மாற்றும் வேலை போய்விட்டதென்று நினைக்கக் கூடாது. தாம்பரம், சேலையூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். பக்கெட்டிலேயே வெள்ளை உப்பு படிகிறது. மே மாத வெயிலில் தொட்டி நீர் வற்ற வற்ற மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறும். அதைக் கொடி குடிக்காது. குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்கலாம். இளந்தளிர் வெளிறினால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். மீன் கழிவு மட்டும் அதை ஈடுகட்டாது.

கப்பி குஞ்சுகள் வேர்க்கொத்துக்குள் ஒளிந்து பிழைக்கும். ஃபைட்டர் மீன் அதனடியில் ஓய்வெடுக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு மட்டும் வேர் தின்பண்டம். அந்தத் தொட்டியில் ரசனைக்கு இடமில்லை. லக்கி பேம்பூவையும் சிலர் வைக்கிறார்கள். அது மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்க டிரசீனா. அதன் வேர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மணி பிளான்ட்டின் பூர்வீகம் பசிபிக்கின் மூரேயா தீவு. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் ஹார்மோனை அதனால் போதுமான அளவு உண்டாக்க முடியவில்லையென 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. அதனால் வீட்டில் அது பூப்பதேயில்லை. திருடி வைத்தால்தான் தழைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் நம் ஊரில் நன்றாகப் பூத்திருக்கிறது. கேட்டாலே ஒரு கணு வெட்டித் தருவார்கள்.