யோன் லெனனின் இரு வாக்குமூலங்கள்

கலைஞனொருவன் தன் ஆக்கங்களைப் பற்றித் தானே கூறுவனவற்றை விமர்சகன் எந்த அளவிற்கு ஏற்றுக்கொள்ளலாம் என்னும் வினா புதியதன்று. முன்னுரையிலிருந்தோ பேட்டியிலிருந்தோ இரண்டு வரியை எடுத்துக்காட்டி, 'ஆசிரியரே கூறிவிட்டார்' என்று விவாதத்தை முடித்துவிடும் வழக்கம் நம்மிடையேயும் வேரூன்றியுள்ளது. இவ்வழக்கத்தின் தகுதியைச் சோதித்துப் பார்ப்பதற்கு, இலக்கியத்திற்குப் புறத்தேயிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வது பயனுடையது. தம் இசையையும் புகழையும் படைப்பாற்றலையும் பற்றி யோன் லெனனைப் போல் ஒளிவுமறைவின்றிப் பேசிய றொக் பாடகர் மிகச் சிலரே. அதனாலேயே அவருடைய கூற்றுக்களை மிகுந்த எச்சரிக்கையுடன் அணுக வேண்டியுள்ளது.

லெனன் 1940 ஒக்டோபர் 9 ஆம் திகதி லிவர்பூலிலே பிறந்தவர். பெரியம்மா ஒருவரால் வளர்க்கப்பட்டவர். பதினேழு வயதிலே தாயை வீதி விபத்தொன்றில் இழந்தவர். பீற்றில்ஸ் குழுவின் வரலாறு பலரும் அறிந்தது. அதனை இங்கு விரித்தல் வேண்டுவதில்லை. நமக்கு முக்கியமானவை இரண்டு நீண்ட பேட்டிகள். முதலாவது, 1970 டிசம்பர் 8 ஆம் திகதி நியூயோர்க்கிலே 'ரோலிங் ஸ்ரோன்' சஞ்சிகையின் ஆசிரியர் யான் வெனருக்கு அளித்தது. 1971 இன் தொடக்கத்திலே இரு பகுதிகளாக வெளிவந்த இப்பேட்டி, அதே ஆண்டில் லெனனின் விருப்பத்திற்கு மாறாக நூலாகவும் ஆயிற்று. இரண்டாவது, 1980 இலே டேவிட் ஷெஃப் என்பாருக்கு அளித்தது. 'பிளேபோய்' சஞ்சிகையின் 1981 ஜனவரி இதழில் வெளிவந்தது. இரண்டிற்குமிடையே பத்து ஆண்டுகள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான், தனித்தனியே படிக்கையில் தோன்றாத உண்மையொன்று தெளிவாகின்றது.

முதற் பேட்டி, குழு சிதைந்த சூட்டோடு கூறப்பட்டது. புகழ் என்பது இழிவுபடுத்தப்படுதலே என்பது அதன் அடிநாதம். நகரந்தோறும் மேயர்களையும் அவர்தம் மனைவிமாரையும் சிரித்த முகத்துடன் சந்திக்க வேண்டியிருந்ததையும், பீற்றில்ஸ் ஆக இருப்பதற்குத் தன்மானத்தை முற்றாக விட்டுக்கொடுக்க நேர்ந்ததையும் அவர் கசப்புடன் கூறுகின்றார். ஆயின், இதனினும் ஆழமானது வேறொரு கூற்று. தம் குழுவின் மிகச் சிறந்த இசை எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை என்கிறார் அவர். ஹம்பேர்க் நகரத்து இரவு விடுதிகளிலும் லிவர்பூலின் நடன மண்டபங்களிலும் வாசித்ததே உண்மையான இசை; பிறையன் எப்ஸ்ரைன் அவர்களுக்குக் கோட்டும் ரையும் அணிவித்து அரங்குகளுக்கு அனுப்பிய பொழுதே அவ்விசை செத்துவிட்டது என்பது அவர் முடிபு.

இக்கூற்றிலே பழைய நாட்களுக்கேங்கும் மனநிலை இல்லாமலில்லை. எனினும் அதனுள்ளே உறுதியானதொரு சமூகவியல் உண்மை இருக்கின்றது. 1960 முதல் 1962 வரை ஹம்பேர்க்கிலே அவர்கள் இரவிரவாகப் பல மணித்தியாலம் வாசித்தனர். எதிரே குடித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்தோர் சலிப்புற்றால் அது உடனே தெரிந்துவிடும். பாடலை நீட்டவோ மாற்றவோ வேண்டும். கேட்போனுக்கும் இசைப்போனுக்குமிடையே அன்று ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. 1965 ஓகஸ்ட் 15 ஆம் திகதி நியூயோர்க்கின் ஷேய் விளையாட்டரங்கிலே ஐம்பத்தையாயிரம் பேருக்கு மேல் திரண்டபோது நிகழ்ந்ததென்ன? கூச்சலின் மத்தியிலே தம் வாத்தியங்களின் ஒலி அவர்களுக்கே கேட்கவில்லை. அங்கு விற்பனையானது இசையன்று, அவர்களைக் கண்ணாற் காணும் வாய்ப்பு. அடுத்த ஆண்டு, லண்டன் மாலைத்தாளொன்றில் மார்ச் மாதத்தில் வெளிவந்து எவராலும் பெரிதாகக் கவனிக்கப்படாத அவருடைய கூற்றொன்று, தம் குழு யேசுவைவிடப் பிரபலமானது என்பது, சில மாதங்களின்பின் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் மறுபிரசுரமாகி, தென்மாநிலங்களிலே இசைத்தட்டுக்களை எரிக்கும் அளவிற்குச் சென்றது. அவர் சொன்ன சொல்லும் அவர் கையைவிட்டுப் போய்விட்டது. 1966 ஓகஸ்ட் 29 இல் சன்பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்ச்சியுடன் அவர்களின் சுற்றுப்பயணங்கள் முடிவுற்றன.

இசைப்போனும் கேட்போனும் பிரிக்கப்பட்டமையே நோய் என்றால், பரிகாரமும் அவ்வுறவிலேதான் தேடப்பட வேண்டும். லெனனோ பரிகாரத்தைத் தம் அகத்திலே தேடினார். ஆதர் யனோவ் என்னும் உளச்சிகிச்சையாளரிடம் 1970 இலே சிகிச்சை பெற்ற அவர், குழந்தைப் பருவத்து வேதனையை நேரடியாக, அலங்காரமின்றி வெளியிடுவதே உண்மைக் கலை என்னும் நிலைப்பாட்டிற்கு வந்தார். அம்மாதம் வெளிவந்த 'பிளாஸ்ரிக் ஓனோ பான்ட்' இசைத்தட்டு அதன் விளைவு. அது மகத்தான ஆக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாயை இழந்த மகனின் ஓலம் ஜனரஞ்சக இசையிலே அதற்கு முன் இவ்வாறு ஒலித்ததில்லை. ஆனால் 'தனிமனிதனின் குரல்' எனப்படும் அவ்விசைத்தட்டிலே தாளம் வாசித்தவர் றிங்கோ ஸ்ரார். பாஸ் கிற்றார் வாசித்தவர் ஹம்பேர்க் நாட்களிலே நண்பரான கிளவுஸ் வோர்மன். எத்தனை குறைவாக வாசிக்க வேண்டும் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர். லெனனின் குரல் நிர்வாணமாக ஒலிப்பதற்கு அவர்களுடைய அடக்கமே இடமளிக்கின்றது. தனிமையைப் பாடுவதற்கும் அவருக்குத் தோழர்கள் வேண்டியிருந்தனர்.

பத்தாண்டு கழித்து அவரே இதற்குச் சான்று பகர்ந்தார். தாமும் போல் மக்காட்னியும் பாடல்களைத் தனித்தனியாகவே எழுதினர் என்று தாம் முன்னர் கூறிவந்தது பொய் என்றும், மனக்கசப்புற்றிருந்த காலத்திலே அவ்வாறு கூறியதாகவும் ஷெஃபிடம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1960 களில் வெளியான சில பாடல்களை இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஆக்கிய விதத்தையும் விவரித்தார். வெனரின் நூலை வேதவாக்காகக் கொண்டு எழுதியோருக்கு இது சங்கடமான செய்திதான். ஆயினும் இரண்டாவது பேட்டியையும் அப்படியே இறுதி உண்மையாகக் கொள்ள முடியாது. குடும்பத்திலே அமைதி கண்ட நாற்பது வயது மனிதரின் சமரச மனநிலை அதிலுண்டு. இரண்டிற்கும் வெளியேயுள்ள சான்றும் இன்று நமக்குக் கிடைத்துள்ளது. 1969 ஜனவரி மாதத்து ஒலிப்பதிவு அமர்வுகளை லெனன் நரகமென நினைவுகூர்ந்தார். அந்நாட்களிலே எடுக்கப்பட்ட படச்சுருள்களைக்கொண்டு பீற்றர் யக்சன் 2021 இலே வெளியிட்ட ஏறத்தாழ எட்டு மணித்தியால ஆவணப்படத்திலே சச்சரவும் உண்டு. சிரிப்பும், ஒருவர் தொடங்கிய அடியை மற்றவர் பற்றிக்கொள்ளும் காட்சிகளும் உண்டு. அதுவும் தெரிந்தெடுத்துத் தொகுக்கப்பட்டதே என்பதை மறத்தலாகாது. எனினும் நரகம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அது அடங்கவில்லை.

ஆக்கம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு 'ஸ்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபொரெவர்' என்னும் பாடலைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 1966 இன் இறுதியிலே ஒலிப்பதிவான இப்பாடல் லெனனின் பிள்ளைப்பருவ நினைவிலே பிறந்தது. முற்றிலும் அவருடையது என்று கூறத்தக்கது. ஆனால் அதன் இரு வடிவங்கள் பதிவாகியிருந்தன. ஒன்று மென்மையானது, மற்றது ஊதுகருவிகளும் செல்லோ வாத்தியங்களும் கொண்டு கனத்தது. ஒன்றின் தொடக்கமும் மற்றதன் முடிவும் தமக்கு வேண்டுமென லெனன் கேட்டார். இரண்டும் சுருதியிலும் வேகத்திலும் வேறுபட்டவை. தயாரிப்பாளர் யோர்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளரும் நாடாக்களின் வேகத்தை மாற்றி, இரண்டையும் பொருந்தச் செய்து ஒட்டினர். பாடல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகின்றது. உலகம் அவருடைய கனவென்று கேட்ட அக்குரலின் விநோதத் தொனி, ஒரு பகுதி அந்த வேக மாற்றத்தால் வந்தது. கேட்டவரின் துணிவும் செய்தவர்களின் கைத்திறனும் பிரித்தெடுக்க முடியாதவாறு அதிலே கலந்துள்ளன. மார்ட்டினின் பங்கைக் குறைத்து மதிப்பிட்ட லெனனின் 1970 ஆம் ஆண்டுக் கூற்றைவிட அவ்வொட்டு நம்பத்தகுந்த சாட்சி.

இரண்டாவது பேட்டியிலே வேறொரு சிந்தனையும் உள்ளது. அவர் கூறியவற்றுள் மிகவும் பெறுமதியானது அதுவே என்பது என் கருத்து. 1975 ஒக்டோபரிலே இரண்டாவது மகன் பிறந்தபின் ஐந்தாண்டு அவர் எந்தப் புதிய இசைத்தட்டையும் வெளியிடவில்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டு, குறித்த காலத்தில் குறித்த பண்டத்தை ஒப்படைக்கும் தொழிலாளியாகத் தாம் ஆகிவிட்டதையும், தொடர்ந்து செய்வதைவிட நிறுத்துவதே கடினமாக இருந்ததையும் அவர் விளக்குகின்றார். பாண் சுட்டதையும் பிள்ளை வளர்த்ததையும் முழுநேர வேலையென்றே மதிக்கின்றார். படைப்பாற்றல் ஒப்பந்தத்தின் கால அட்டவணைக்கு அடங்குவதன்று என்னும் இவ்வுணர்வு வெறும் ஞானமன்று. இசைத்தொழிலின் உற்பத்தி முறைபற்றி உள்ளிருந்து எழுந்த கண்டனம். நிறுத்துவதற்கும் வசதி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மன்ஹற்றனிலே மாளிகை வீடும், வர்த்தக அலுவல்களைக் கவனிக்கும் யோக்கோ ஓனோவும் இருந்தமையாலேயே அவ்வோய்வு கைகூடியது. ஹம்பேர்க் விடுதியிலே வாசித்த இருபது வயது இளைஞனுக்கு அத்தெரிவு இருக்கவில்லை.

1980 கோடையிலே பேர்மியூடாவிற்குப் பாய்க்கப்பலிற் சென்ற அவருக்குப் பாடல்கள் மீண்டும் ஊறின. நவம்பர் 17 இல் வெளிவந்த 'டபிள் ஃபன்ரசி' இசைத்தட்டைப் பிரித்தானிய விமர்சகர் பலர் மந்தமாகவே வரவேற்றனர். மூன்று வாரங்களின்பின், டிசம்பர் 8 ஆம் திகதி, அவர் தம் வீட்டு வாயிலிலே சுட்டுக் கொல்லப்பட்டார். இசைத்தட்டு விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. பேட்டி மரணசாசனம் ஆயிற்று. விவாதிக்கத்தக்க ஒரு மனிதரின் கூற்றுக்கள் அன்றிலிருந்து மேற்கோள்களாயின. இரு பேட்டிகளுக்குமிடையிலான முரண்பாடுகளும் பேச்சிலிருந்து மறைந்தன.

2023 நவம்பரிலே 'நவ் அன்ட் தென்' என்னும் பாடல் பீற்றில்ஸ் பெயரிலே வெளிவந்தது. 1970 களில் லெனன் வீட்டிலே பியானோவுடன் பாடிச் சாதாரண நாடாவிற் பதிவுசெய்த குரலைக் கணினி நுட்பத்தாற் பிரித்தெடுத்து, மக்காட்னியும் ஸ்ராரும், 2001 இல் மறைந்த யோர்ஜ் ஹரிசன் முன்னர் வாசித்திருந்த கிற்றார்ப் பகுதியுடன் சேர்த்து அதனை நிறைவு செய்தனர். இதனைக் கூட்டுப் படைப்பின் வெற்றியெனப் பலர் பாராட்டினர். என்னால் அவ்வாறு பாராட்ட முடியவில்லை. ஸ்ரோபெரிப் பாடலிலே 'இது போதாது, இன்னொன்று வேண்டும்' என்று அடம்பிடிக்கும் லெனன் இருந்தார். இங்கு அவர் குரல் மாத்திரமே உள்ளது. மூல நாடாவிலே அவர் பாடியிருந்த ஒரு பகுதி புதிய வடிவத்தில் விடப்பட்டுள்ளது. விட்டது பாடலுக்கு நன்மையாகவும் இருக்கலாம். ஆனால் 1966 இலே அவ்வாறு ஒரு பகுதியை விட்டிருந்தால், ஒலிப்பதிவுக்கூடத்திலே அதைப் பற்றி ஒரு சண்டை நடந்திருக்கும்.