உள்ளே போனவர்கள்: ஐ.ஜி.ஐ. மூன்றாம் பாகமும் காத்திருக்கும் உரிமையும்

1

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்ற வாக்கியத்தை நம் சிறுபத்திரிகைகள் எத்தனை தடவை அச்சடித்திருக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. ரோலன் பார்த் 1967ல் எழுதியதைத் தமிழில் 80களின் கடைசியில் பிடித்துக்கொண்டோம். வாசகனுக்குப் பட்டாபிஷேகமும் செய்து முடித்தாயிற்று. ஆனால் அந்த வாசகன் பிரதியைக் காசு கொடுத்து வாங்கியவனா, இரவல் வாங்கியவனா, திருட்டுப் பதிப்பில் படித்தவனா என்கிற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. வாசகன் என்றால் வாசகன், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை திருட்டுப் பதிப்பின் வாசகனைப் பற்றியது. அவன் கையில் இருந்தது புத்தகம் அல்ல, ஒரு துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் விளையாட்டின் சிடி. 'இதெல்லாம் ஒரு விஷயமா தோழர்?' என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சினிமாவைப் பற்றி எழுத ஆரம்பித்தபோதும் இதே முகச்சுளிப்பைப் பார்த்தோம். அந்த வாசகர்களில் நானும் ஒருவன் என்பதால் தன்மையில்தான் எழுத முடியும்.

2

'புராஜெக்ட் ஐஜிஐ' 2000ல் வெளிவந்தது. நார்வே நாட்டின் ஆஸ்லோவில் இருந்த இன்னர்லூப் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கியது. டேவிட் ஜோன்ஸ் என்கிற முன்னாள் பிரிட்டிஷ் சிறப்புப்படை வீரன், திருடுபோன அணுகுண்டைத் தேடி ராணுவ முகாம்களுக்குள் தன்னந்தனியாக நுழைகிறான். காதில் அன்யா என்ற பெண்ணின் குரல் வழி சொல்லும். மொத்தம் 14 கட்டங்கள். விமான விளையாட்டுக்காகச் செய்த மென்பொருளின் மேல் கட்டப்பட்டதால் மலையும் வெளியுமாக நிலம் விரிந்துகொண்டே போகும். பழைய பெண்டியம் கம்ப்யூட்டரில்கூட ஓடும். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில், நண்பனின் அண்ணன் ரிச்சி தெருவில் உதிரி பாகங்களாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் அது ஓடியதற்கு இதுவே காரணம்.

இந்தப் பிரதியின் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரு கட்டத்தின் நடுவில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க முடியாது. செத்தால் அந்தக் கட்டத்தின் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஊர்ந்துபோய்க் கடைசி வாசலில் சுடப்பட்டாலும் அதே கதி. கரன்ட் போனாலும் அதே கதி. அந்த வீட்டில் யூபிஎஸ் கிடையாது. ஆறு பேர் தரையில் உட்கார்ந்திருப்போம். ஒருவன் செத்தால் அடுத்தவன் முறை. ஆக, காத்திருப்பது எங்களுக்கு ஆட்டத்துக்கு வெளியே நடந்த ஒன்றல்ல. ஆட்டமே அதுவாகத்தான் இருந்தது.

இன்னொரு விதி. அலாரம் அடித்துவிட்டால் காவலர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் ஓடிவரும் அறைக்குள் போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். காலி அறை. ஆனால் சுட்டால் இன்னொருவன் வருவான், அதே முகத்தோடு, அதே உடையோடு. அவர்களுக்குப் பெயரில்லை. எண்ணிக்கை மட்டும் உண்டு. இதை அப்போது ஒரு குறையாகத்தான் பேசினோம்: 'செம லூசுடா இவனுங்க, ஒருத்தன் செத்த எடத்துலயே இன்னொருத்தன் வந்து நிக்கிறான்.'

இரண்டாம் பாகம் 2003ல் வந்தது. லிபியா, சீனா என்று களம் விரிந்தது. கொஞ்சம் சேமித்துக்கொள்ளவும் அனுமதி தந்தார்கள். அதே 2003ல் இன்னர்லூப் நிறுவனம் மூடப்பட்டது. அதாவது மூன்றாம் பாகத்துக்காக நாங்கள் காத்திருக்கத் தொடங்கியபோது ஆசிரியன் நிஜமாகவே இறந்திருந்தான். பார்த் சொன்ன அர்த்தத்தில் அல்ல. கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த அர்த்தத்தில். இந்தச் செய்தி எங்கள் சந்துக்கு வந்து சேரவில்லை.

3

எங்கள் எதிர்பார்ப்புகளை இப்போது பட்டியலிட்டால் கூச்சமாக இருக்கிறது. நடுவில் சேமிக்கும் வசதி வேண்டும். காவலர்களுக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும். ஜோன்ஸ் திரும்பி வர வேண்டும். இதெல்லாம் சரி. கூடவே ஒரு வதந்தி: 'மூணாவது பார்ட்ல காஷ்மீர் வருதாம்டா.' யார் கிளப்பியது என்று தெரியாது. கார்கில் 1999ல் முடிந்திருந்தது. 'ரோஜா' 1992லேயே எங்களுக்காகக் காஷ்மீரைப் படம்பிடித்து வைத்திருந்தது. நார்வேக்காரன் பெயரில்லாமல் விட்ட உடல்களுக்கு நாங்கள் பெயரும் மதமும் வைக்கத் தயாராக இருந்தோம். வாசகனின் சுதந்திரத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரதியின் இடைவெளிகளை வாசகன் நிரப்புகிறான் என்பது உண்மை. எதைக் கொண்டு நிரப்புகிறான் என்பது தனிக்கேள்வி. எங்கள் கையில் இருந்ததைக் கொண்டு நிரப்பினோம். கையில் இருந்தது தேசம்.

மூன்றாம் பாகத்தை நான் வாங்கியது பாண்டி பஜார் பிளாட்பாரத்தில். மடக்குக் கட்டிலில் பிளாஸ்டிக் விரித்து சிடி அடுக்கியிருந்த ஒரு அண்ணன். வாராவாரம் போய்க் கேட்பேன்.

'அண்ணே, ஐஜிஐ மூணு வந்துச்சா?'

'அடுத்த வாரம் தம்பி. சரக்கு பர்மா பஜார்லேர்ந்து வரணும்.'

ஒருநாள் வந்தேவிட்டது. ஐம்பது ரூபாய். அட்டையில் துப்பாக்கி பிடித்த ஒருவன், மேலே கொட்டை எழுத்தில் ஐஜிஐ 3. வீட்டுக்கு ஓடிப்போய்ப் போட்டால் ஜோன்ஸைக் காணோம், அன்யாவைக் காணோம். மூன்று திருடர்கள் சேர்ந்து கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள். அது 2006ல் வெளிவந்த 'த பிளான்' என்ற வேறொரு விளையாட்டு. அதன் ஆங்கிலப் பெயரில் ஒரு எழுத்துக்குப் பதிலாக 3 என்ற எண்ணைப் போட்டிருந்தார்கள். அந்த 3 போதுமானதாக இருந்திருக்கும். பிறகு 'த மார்க்' என்று இன்னொன்று ஐஜிஐ 4 ஆக வந்தது. இந்தியா முழுக்க இப்படித்தான் சுற்றின. ஐஜிஐ 5 கூட உண்டு.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியுமா? 'ஆசிரியன் என்றால் யார்?' என்று ஃபூக்கோ 1969ல் கேட்டபோது, ஆசிரியன் பெயர் என்பது ஒரு ஆளின் பெயராக இல்லாமல் பிரதிகளைக் கட்டி வைக்கும் ஒரு கயிறாக வேலை செய்வதைச் சுட்டிக் காட்டினார். தமிழனுக்கு இது புதிதல்ல. சங்கப் பாட்டு பாடியதும் ஔவை, ஆத்திசூடி எழுதியதும் ஔவை. நடுவில் எத்தனை நூற்றாண்டு! அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய ஏடுகள்! பெயர் நின்றது, ஆட்கள் அந்தப் பெயருக்குள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கல்கி 1954ல் 'பொன்னியின் செல்வ'னை முடித்தபோது வாசகர்கள் விடவில்லை. அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள் என்று கேட்டார்கள். முடிவுரையில் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. காத்திருக்கும் கூட்டம் ஒன்று இருந்தால் தொடர்ச்சியை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். பாண்டி பஜார் அண்ணன் எழுதவில்லை. அட்டை மாற்றினார்.

அடையாறில் ஒரு நண்பன் இருந்தான். அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய அசல் பெட்டி, கையேட்டோடு, அவனிடம் இருந்தது. என் ஐஜிஐ 3ஐப் பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னான்: 'இது ஒரிஜினல் இல்லடா.' அவன் சொன்னது சரி. ஆனால் அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறு. என்னிடம் இருந்த ஐஜிஐ 1ம் ஒரிஜினல் இல்லை. நானே ஒரிஜினல் ரசிகன் இல்லை என்று சொன்ன மாதிரி இருந்தது.

4

பணம் கொடுத்தவனின் எதிர்பார்ப்புக்கு உலகத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. 'டியூக் நியூக்கெம் ஃபாரெவர்' 1997ல் அறிவிக்கப்பட்டு 2011ல் வந்தது. 14 வருடம் காத்திருந்தவர்கள் ஏமாந்து திட்டித் தீர்த்தார்கள், அந்தத் திட்டு எங்கும் பதிவாயிற்று. 'ஹாஃப் லைஃப்' இரண்டாம் பாகத்தின் தொடர்ச்சி 2007ல் பாதியில் நின்றது. பத்து வருடம் கழித்து 2017ல் அதன் கதாசிரியர் மார்க் லெய்ட்லா, பெயர்களை மாற்றிப்போட்டு, எஞ்சிய கதையை ஒரு கடிதமாக எழுதி வெளியிட்டார். ரசிகர்களுக்கு ஒரு பதில் கிடைத்தது. நுகர்வோன் என்கிற தன்னிலையை முதலாளியம் இப்படித்தான் கட்டமைக்கிறது. ரசீது உள்ளவன் காத்திருக்கலாம். காத்திருந்து கோபப்படலாம்.

எங்களிடம் ரசீது இல்லை. எந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கிலும் நாங்கள் இல்லை. 2019ல் ஸ்வீடனின் டோட்மேன் நிறுவனம் ஐஜிஐயின் முன்கதை ஒன்றை அறிவித்தது. நான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஆளாகிவிட்ட பிறகும் அந்த முன்னோட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதுவும் இன்றுவரை கடைக்கு வரவில்லை. ஆனால் கவனியுங்கள், அதைத் தாமதம் என்று புகார் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்கும் தகுதியை எப்போதோ அடையாறு நண்பன் பறித்துவிட்டிருந்தான்.

ரசீது இல்லாதவனின் நிலைமை இது. ரசீது இல்லாமல் விற்றவனின் நிலைமை? தமிழ்நாட்டில் 1982ம் ஆண்டின் 14ம் எண் சட்டம், நாம் குண்டர் சட்டம் என்று சொல்வது, 2004ல் திருத்தப்பட்டு வீடியோ திருட்டில் ஈடுபடுவோரும் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். விசாரணை இல்லாமல் ஒரு வருடம்வரை உள்ளே வைக்கலாம். சட்டம் கவலைப்பட்டது சினிமாவைப் பற்றி. ஆனால் பிளாட்பாரக் கட்டிலில் சினிமா சிடியும் விளையாட்டு சிடியும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. பாரதியின் எழுத்தை 1949ல் நாட்டுடைமையாக்கிய அதே மண் இது. கல்கியும் நாட்டுடைமை ஆனார். பிரதி பொதுச்சொத்தாக முடியும் என்பதை அரசு அறியும். எந்தப் பிரதி, யாருடைய கையால் என்பதில்தான் அதிகாரம் கோடு போடுகிறது. அரசு கொடுத்தால் 'நாட்டுடைமை', பிளாட்பாரத்தில் கிடைத்தால் 'திருட்டு விசிடி'.

ஒரு சனிக்கிழமை போனபோது அந்த அண்ணன் இல்லை. அதே இடத்தில், அதே மாதிரிக் கட்டிலோடு வேறொருத்தர்.

'இங்க இருந்த அண்ணன் எங்கண்ணே?'

'அவனா? உள்ள போயிட்டான் தம்பி.'

எந்த வழக்கு, எத்தனை நாள், உண்மைதானா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அடுத்து என்ன கேட்டேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: 'ஐஜிஐ அஞ்சு இருக்கா?'

5

ஐஜிஐ என்றால் 'நான் உள்ளே போகிறேன்' என்று அர்த்தம். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜோன்ஸ் உள்ளே போவான், சுடுவான், வெளியே வருவான். செத்தாலும் முதலிலிருந்து தொடங்குவான். நம் ஊர்ப் பேச்சில் 'உள்ளே போவது' வேறு விஷயம். அதற்கு ஆட்டத்தின் விதிகள் கிடையாது.

பாண்டி பஜார் பிளாட்பாரக் கடைகளை 2013ல் எடுத்து ஒரு கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். 2019ல் அந்தத் தெருவை அகல நடைபாதையாக்கினார்கள். இப்போது அங்கே உட்கார்ந்து பையன்கள் செல்போனில் சுடுகிறார்கள். விளையாட்டு இலவசம். மூன்றாம் பாகம் என்ற ஒன்றே தேவையில்லை; சீசன் மாறிக்கொண்டே இருக்கும். அவர்கள் காத்திருந்தது அரசாங்க உத்தரவுக்காக: 2020 செப்டம்பரில் பப்ஜி தடை, 2021ல் அதன் இந்தியப் பதிப்பு, 2022 ஜூலையில் அதுவும் முடக்கம், 2023ல் திரும்ப அனுமதி. நாங்கள் எந்தக் கணக்கிலும் வராதவர்கள். இவர்கள் ஒவ்வொரு தொடுகையிலும் எண்ணப்படுகிறவர்கள். எண்ணப்பட்டால் உரிமை வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தது தவறு. ஒரே ராத்திரியில் முடக்கியபோது இவர்களையும் யாரும் கேட்கவில்லை.

ரசிகனின் எதிர்பார்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒன்று நுகர்வுப் பைத்தியம் என்கிறார்கள், அல்லது கலகம் என்கிறார்கள். நான் இருந்த அறையில் இரண்டும் கலந்தே இருந்தன. ஆறு பேர் தரையில் உட்கார்ந்து ஒரு கீபோர்டுக்காகக் காத்திருந்ததில் ஒரு நியாயம் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாததை எல்லாரும் முறை வைத்து ஆடினோம். அந்த நியாயத்தை எங்கள் வாசல்வரை கொண்டு வந்து கொடுத்தவர் ஒரு அண்ணன். காலி அறையிலிருந்து அடுத்த காவலன் வருவதைப் போல, அவர் இடத்தில் இன்னொருவர் வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அவருக்குப் பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவன், அவர் எப்போது வெளியே வந்தார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.