தூக்கியதற்குப் பொறவு

2019 நவம்பரில் உலகம் முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆஸ்திரேலியாவில் எரியும் காட்டுக்குள் ஒரு பெண் ஓடுகிறார். தன் சட்டையைக் கழற்றி, தீயில் மாட்டிக்கொண்ட கோவாலாவைச் சுற்றித் தூக்கி வருகிறார். அதன்மேல் தண்ணீர் ஊற்றுகிறார். அது வலியில் கத்துகிறது. கோட்டாறு மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் நண்பர்கள் நாங்கள் அதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்த கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: “தூக்கியாச்சு, சரி. பொறவு என்னாச்சு மக்கா?”

எங்களுக்குத் தெரியவில்லை. வீடியோ அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு தேடினேன். லூயிஸ் என்று பெயரிடப்பட்ட அந்தக் கோவாலாவை போர்ட் மக்வாரியில் இருக்கும் கோவாலா மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். தீப்புண்கள் ஆறப்போவதில்லை என்று தெரிந்ததும் நவம்பர் 26 அன்று கருணைக்கொலை செய்திருக்கிறார்கள். தூக்கியதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்?

தீயையும் விலங்கையும் பற்றிய எந்தப் படைப்பிடமும் அண்ணாச்சியின் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. காப்பாற்றும் கணத்தோடு நின்றுவிடுகிறதா, அதற்கு அப்புறமும் கூட வருகிறதா?

மகாபாரதத்திலிருந்து ஆரம்பிப்போம். ஆதிபருவத்தில் காண்டவ வனம் எரிகிறது. அக்னியின் பசிக்காகக் கிருஷ்ணனும் அர்ச்சுனனும் காட்டின் இரு பக்கமும் நின்று, தப்பி ஓடும் உயிர்களைக் கொல்கிறார்கள். பிழைப்பது ஆறு பேர்தான்: மயன், நான்கு சாரங்கக் குஞ்சுகள், தட்சகனின் மகன் அசுவசேனன். அசுவசேனனின் தாய் அவனை விழுங்கிக்கொண்டு வெளியேறப் பார்க்கிறாள். அர்ச்சுனனின் அம்பு அவளை வெட்டுகிறது, பிள்ளை மட்டும் தப்புகிறது. வியாசர் அவனை மறக்கவில்லை. குருக்ஷேத்திரப் போரின் பதினேழாம் நாள் கர்ணனின் அம்பில் ஏறி அவன் திரும்பி வருகிறான். கர்ண மோட்சம் கூத்து பார்த்தவர்களுக்கு அந்த நாகாஸ்திரம் தெரியும்.

நாகராஜா கோயிலுக்குப் பாலும் மஞ்சளும் கொண்டுபோய் வளர்ந்த ஊர்க்காரன் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. தாயை இழந்த அந்தக் குட்டி இடைப்பட்ட வருடங்களில் எங்கே இருந்தது, யார் வளர்த்தார்கள்? கதைக்கு அவனுடைய பகை வேண்டியிருந்தது, வளர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சாரங்கக் குஞ்சுகளின் தகப்பன் மந்தபாலன்கூட எல்லாம் முடிந்தபிறகுதான் வந்து நலம் விசாரிக்கிறான். குஞ்சுகள் அவனைக் கண்டுகொள்வதில்லை. அது எனக்குப் பிடித்த இடம்.

சிலப்பதிகாரம் வேறு மாதிரி. மதுரை எரியும்போது இளங்கோ விலங்குகள் போன இடத்தைச் சொல்கிறார். யானைகளும் குதிரைகளும் மதிலுக்கு வெளியே போகின்றன. பசுவும் கன்றும் ஆயர் தெருவுக்குப் போய்ச் சேர்கின்றன. சும்மா ‘தப்பின’ என்று விட்டுவிடாமல், மாட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களின் தெருவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். நகரமே எரியும் காதையில் சில வரிகள்தான் இது. ஆனால் பராமரிப்புக்கு ஒரு முகவரி இருக்கிறது.

இந்த வரிசையில் ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்தையும் வைத்துப் பார்க்கலாம். கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கி 2022இல் வந்து, அடுத்த வருடம் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம். முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்க்கிறார்கள். இங்கே குட்டி அநாதையானது தீயால் அல்ல, தாய் மின்சாரம் தாக்கிச் செத்ததால். படத்தின் பலம், அது ‘பொறவு’ என்ற இடத்தில் தொடங்குவதுதான். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, கொஞ்சுவது, திட்டுவது என்று தினசரி வேலைதான் கதை. ரகுவை வேறொருவர் பொறுப்பில் கொடுக்கச் சொல்லும்போது நமக்கும் நெஞ்சு அடைக்கிறது.

பலவீனமும் உண்டு. தாய் செத்த மின்சாரத்தைப் படம் சீக்கிரம் கடந்துவிடுகிறது. அந்தக் கம்பி ஏன் அங்கே வந்தது என்று கேட்பதில்லை. ரகு இனி காட்டுக்குப் போகமாட்டான், முகாம் யானையாகத்தான் வாழ்வான் என்பதையும் அழகான ஒளியில் கரைத்துவிடுகிறது. அன்பு இருக்கும் இடத்திலும் ஒரு இழப்பு இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் பொம்மன், பெள்ளியின் உழைப்பு இன்னும் கனமாகத் தெரிந்திருக்கும்.

நம் இணையம் இதைவிட மோசம். 2019 பிப்ரவரியில் முதுமலையை ஒட்டிய பந்திப்பூர் எரிந்தபோது, வேறெங்கோ எடுத்த கருகிய விலங்குப் படங்கள் பந்திப்பூர் என்று சொல்லிப் பகிரப்பட்டன. எரிந்த உடலோ வீரமான மீட்போ, இரண்டில் ஒன்று நமக்கு உடனே வேணும். ஆஸ்திரேலியாவின் அந்தத் தீக்காலத்தில் செத்தும் இடம்பெயர்ந்தும் போன விலங்குகள் ஏறத்தாழ 300 கோடி என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் அறிக்கை கணக்கிட்டது. அவற்றில் தன்னார்வலர்கள் கைக்கு வந்தவை மிகச் சில. அவற்றுக்கும் கட்டு மாற்ற வேண்டும், மருந்து போட வேண்டும், தின்ன இலை பறித்து வர வேண்டும். உள்ளங்கை வெந்த கோவாலா மறுபடி மரம் பிடித்து ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஏறினாலும், திருப்பி விடக் காடு மிச்சம் இருக்கணுமே? இதில் எதுவும் ஒரு நிமிட வீடியோவுக்குள் அடங்காது. எழுத்துக்கு அடங்கும்.

இங்கே கோடையில் மலைச்சரிவில் தீ ஏறினால் ராத்திரி தூரத்திலிருந்தே சிவப்புக் கோடாகத் தெரியும். மாடியில் நின்று படம் எடுப்போம், ஸ்டேட்டஸ் வைப்போம், தூங்கிவிடுவோம். நானும் அப்படித்தான். மறுநாள் அந்தச் சரிவில் என்ன நடந்தது என்று ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

பிறகு ஒருநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன், அந்தக் கோவாலா செத்துப்போச்சு என்று. கிளாஸைக் கழுவிக்கொண்டே, “ஒரு வாரம் வச்சுப் பாத்திருக்காவல்லா?” என்றார்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் படிக்க ஆசை.