பிளாக்மோர் இல்லாத பர்பிள்

தலைச்சோலையில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே காப்பிச் செடிகளும் அவற்றுக்கு மேலே சில்வர் ஓக் மரங்களும்தான். மேகம் இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. போன மே மாதம், அப்படி எதுவும் தெரியாத ஒரு காலையில்தான் அவருக்கு ‘பர்பெண்டிகுலர்’ ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். டீப் பர்பிள் 1996இல் வெளியிட்டது. நான் ராக் கேட்க ஆரம்பித்ததே சித்தப்பாவின் கேசட்டுகளில்தான். ஆனால் இந்த ஆல்பத்தை மட்டும் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் ஒரே பதில்: “பிளாக்மோர் இல்லாம என்னடா டீப் பர்பிள்?”

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் புதிய கிடாரிஸ்டை நேரில் பார்த்தவர் அவர். அப்போது பம்பாயில் வேலை. 1995 ஏப்ரல் 8ஆம் தேதி அந்தேரி ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸில் நடந்த கச்சேரி, பிற்பாடு ‘பாம்பே காலிங்’ என்ற பெயரில் வீடியோவாகவும் வந்தது. (‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் ஆர்கன் மெட்டு, ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ என்ற அமெரிக்கக் குழுவின் ‘பாம்பே காலிங்’ பாட்டிலிருந்து பிறந்தது. தலைப்பு அங்கிருந்துதான்.) அன்றைக்கு ‘கென் த மெக்கானிக்’ என்று ஒரு பாட்டு வாசித்தார்கள். ஆல்பம் வர இன்னும் பத்து மாதம் இருந்தது. கூட்டத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சித்தப்பா அந்த நேரம் டீ குடிக்கப் போய்விட்டாராம்.

அவர் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நியாயம் இருக்கிறது. 1968இல் குழு தொடங்கியபோதே இருந்தவர் ரிச்சி பிளாக்மோர். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வரிகள் அல்ல, அந்த கிடார். 1975இல் அவர் விலகியபோது டாமி போலின் வந்தார். ‘கம் டேஸ்ட் த பேண்ட்’ நல்ல ஆல்பம்தான், ஆனாலும் 1976இல் குழுவே கலைந்தது. அந்த வருஷக் கடைசியில் போலினும் இறந்துபோனார். 1984இல் பிளாக்மோரோடு சேர்ந்துதான் குழு உயிர்த்தெழுந்தது. ஆக, ‘அவர் இல்லாமல் முடியாது’ என்பது வெறும் ரசிகப் பிடிவாதம் இல்லை. ஒருமுறை நடந்து பார்த்தது.

1993 நவம்பரில், டூர் பாதியில் இருக்கும்போதே, பிளாக்மோர் இரண்டாம் முறை போனார். மிச்சக் கச்சேரிகளை ஜோ சாட்ரியானி வந்து காப்பாற்றிக் கொடுத்தார். 1994 கடைசியில் ஸ்டீவ் மோர்ஸ் சேர்ந்தார். டிக்ஸி டிரெக்ஸ் குழுவை உருவாக்கியவர், கன்சாஸ் குழுவிலும் வாசித்தவர், நடுவில் இசையை விட்டுவிட்டு விமான பைலட்டாகவும் வேலை பார்த்தவர். அவர் சேர்ந்த பிறகு வந்த முதல் ஸ்டுடியோ ஆல்பம்தான் ‘பர்பெண்டிகுலர்’.

முதல் பாட்டிலேயே அவர்கள் தீர்மானித்துவிட்டது தெரிகிறது. ‘வவூம்: டெட் த மெக்கானிக்’ - பம்பாயில் வாசித்த அதே பாட்டு, மெக்கானிக்கின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. தந்தியைக் கிள்ளி எழுப்பும் கீச்சொலிகளாலேயே கட்டிய ரிஃப். பிளாக்மோர் இப்படி ஒன்றை வாசித்திருக்கவே மாட்டார். இயன் கில்லன் அதன்மேல் அலறவில்லை. மதுக்கடையில் பக்கத்து ஸ்டூல்காரர் கதை சொல்வதுபோலப் பாதி பேசிப் பாதி பாடுகிறார். ‘பழைய ஆளைத் தேடாதீங்க’ என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

புதிதாக வருகிறவருக்கு வழக்கமாக இரண்டு வழி. பழையவரைப் போலவே வாசிப்பது, அல்லது அவரை மறக்கடிக்கும்படி வாசிப்பது. இரண்டிலுமே பேச்சு பழையவரைப் பற்றித்தான். மோர்ஸ் இரண்டையும் செய்யவில்லை என்பதே இந்த ஆல்பத்தின் பலம். ‘ரோசாஸ் கான்டீனா’வைக் கேளுங்கள். பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது ரோஜர் குளோவரின் பேஸும் ஜான் லார்டின் ஆர்கனும். புதிய கிடாரிஸ்டை அறிமுகப்படுத்தும் ஆல்பத்தில் கிடார் ஒதுங்கி நிற்கும் பாட்டு! ‘தி ஏவியேட்டர்’ கிராமிய மெட்டுச் சாயலில் அக்கூஸ்டிக்காகவே போகிறது. பாட்டுகள் எல்லாம் ஐந்து பேர் பெயரிலும் இருக்கின்றன. யார் முதலாளி என்ற பஞ்சாயத்தில் வருஷக்கணக்காக மாட்டிக்கிடந்த குழுவுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆல்பத்தின் உச்சம் ‘சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்’. ஏழரை நிமிஷம். சன்னமாக, ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து விழும் கிடாரில் தொடங்குகிறது. தலைப்பில் அலறல் இருக்கிறதே தவிர, கில்லன் பெரும்பாலும் அடக்கியே பாடுகிறார். அந்த அலறலை மோர்ஸ் வாங்கிக்கொண்டு மெட்டாக்கித் திருப்பித் தருகிறார். அவர் வேகமான கை, உலகத்துக்கே தெரியும். இங்கே அந்த வேகத்தைக் காட்டாமல், முணுமுணுக்கக்கூடிய ஒரே ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். இன்னொருவர் வீட்டுக்குள் வந்தவனின் கூச்சமும் உரிமையும் சேர்ந்தே அதில் கேட்கிறது எனக்கு.

குறையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ‘எ காஸில் ஃபுல் ஆஃப் ராஸ்கல்ஸ்’, ‘ஹே சிஸ்கோ’ இரண்டும் இல்லாமலிருந்தால் ஆல்பம் இன்னும் இறுகியிருக்கும். அதைவிட முக்கியம்: பிளாக்மோரிடம் ஒரு ஆபத்து இருந்தது. அடுத்த நொடி என்ன செய்வார், வாசிப்பாரா, எழுந்து போய்விடுவாரா, தெரியாது. மோர்ஸின் ஒவ்வொரு சுரமும் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி சுத்தம். சில இடங்களில் அந்தச் சுத்தமே பாட்டைக் கொஞ்சம் சூடு குறைக்கிறது. பழைய பாட்டுகளை மேடையில் அவர் வாசிக்கும்போது எனக்கும் கை நமநமக்கும். சித்தப்பா சொல்வது அந்த இடத்தில் சரி.

ஆனால் புதிய பாட்டுகளில் சரியில்லை. ரசிகர்கள் குழுவை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு பல சமயம் தங்கள் இருபது வயதைத்தான் நேசிக்கிறோம். அந்த வயதில் யார் வாசித்தார்களோ அவர்தான் நமக்கு அசல். பின்னால் வருகிறவர் எல்லோரும் வாடகைக்கு வந்தவர்கள்.

கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. பிளாக்மோர் இரண்டு தடவையும் சேர்த்து இருந்தது சுமார் பதினாறு வருஷம். மோர்ஸ் இருபத்தேழு வருஷத்துக்கு மேல். 2022இல் நோயுற்ற மனைவியின் பக்கத்தில் இருப்பதற்காக விலகினார். சைமன் மெக்பிரைட் வந்தார், 2024 ஜூலையில் ‘=1’ ஆல்பம் வந்தது. நான் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு, “மோர்ஸ் மாதிரி வருமா?” என்று நண்பனிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது. தலைச்சோலைக்குப் பஸ் ஏறியதே அதனால்தான்.

அன்று திண்ணையில் சித்தப்பா முதல் மூன்று பாட்டுக்கும் வாயே திறக்கவில்லை. ‘ஸ்க்ரீமிங்’ முடிந்ததும், “இது அன்னைக்கு அந்தேரியில வாசிச்சானா?” என்றார். தெரிந்தவரை இல்லை என்றேன்.

“அப்ப டீ குடிக்கப் போனது தப்பில்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த மெக்கானிக் பாட்ட இன்னொரு தடவ போடு” என்றார்.

எதிரே மேகம் விலகி சில்வர் ஓக் தெரிந்தது, தண்டு முழுக்க மிளகுக்கொடி சுற்றி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. ஏற்காட்டில் இப்போது யாரும் அதை வெளியூர் மரம் என்று சொல்வதில்லை. ஊர் திரும்பியதும் ‘=1’ஐ முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை நடுவில் நிறுத்தவில்லை.