இரண்டாவது கணினிக்கு எவ்வளவு?

வீட்டுக்கு வரும் ஒரே இணைய இணைப்பை இரண்டு கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தொழில்நுட்பம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். வெளியே வீடு முழுவதற்கும் ஒரே முகவரி. உள்ளே ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரி கொடுத்து, வரும் தகவலை உரிய கணினியிடம் சேர்க்கும். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், ரவுட்டரே இல்லாமல் ஒரு கணினி இந்த வேலையைச் செய்யும் வசதி இருந்தது. ஆனால் இரண்டாவது கணினி வீட்டுக்குள் வரும்போது எழும் கேள்வி நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் "எப்படி மாட்டுவது?" என்று கேட்டார்கள். இலங்கையில் "மாட்டினால் மாசக் கடைசி வரைக்கும் தாங்குமா?" என்று கேட்கிறார்கள்.

இந்தியாவில் பிஎஸ்என்எல் நிறுவனம் 2005 ஜனவரியில் டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியது. அப்போது பரவலாக இருந்த ஹூவாவே எம்டி882 மோடத்தின் பின்புறம் ஒரு லேன் போர்ட், ஒரு யூஎஸ்பி போர்ட். ஒன்றில் அப்பாவின் கணினி, மற்றதில் பிள்ளையின் கணினி என்று மாட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. பல வீடுகளில் மோடம் பிரிட்ஜ் முறையில் இருந்தது. கணினியில்தான் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடித்து டயல் செய்ய வேண்டும். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். விவரம் தெரிந்த ஒருவர் வந்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் மோடத்துக்குள்ளேயே பதித்துவிட்டுப் போவார். அதன் பிறகு இரண்டும் சேர்ந்து ஓடும்.

கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கியவர்கள் பாடு வேறு. முதல் கணினியின் மேக் முகவரி (அதன் வலையமைப்புக் கருவியின் அடையாள எண்) அவரிடம் பதிவாகியிருந்தால் வேறெதுவும் நுழையாது. ரவுட்டர் வாங்கி, அதே முகவரியை அதில் குளோன் செய்துதான் இரண்டாவது கணினியை ஏற்றினார்கள்.

அந்நாளில் இந்தியர்களும் எம்பி கணக்குப் பார்த்தவர்கள்தான். பிஎஸ்என்எல்லின் 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராது என்பதால், பதிவிறக்கம் எல்லாம் அந்த நேரத்துக்குத் தள்ளிப்போகும். இன்றைக்கு ஜியோஃபைபரில் 'வரம்பில்லை' என்று சொல்லும் திட்டத்துக்கே மாத எல்லை 3,300 ஜிபி. இரண்டு கணினி வைத்திருக்கும் குடும்பம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

இலங்கையில் அந்தக் கணக்கு நின்றபாடில்லை. தொலைபேசிக் கம்பி எட்டாத வீடுகளுக்கு முதலில் கணினியில் செருகும் மொபைல் இணைய டொங்கிள் வந்தது. சிக்னலுக்காக அதை நீட்டுக் கேபிளில் ஜன்னலோரம் தொங்கவிடுவார்கள். டொங்கிள் செருகிய கணினியை அணைத்தால் மற்றக் கணினிக்கும் இணையம் போய்விடும். பின்னர் வந்த 4ஜி வீட்டு ரவுட்டர் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. டேட்டா ஒதுக்கீட்டுத் தொல்லை தீரவில்லை. பல பக்கேஜ்களில் பகலுக்கு ஓர் அளவு, நள்ளிரவு 12 முதல் காலை 8 வரைக்கு இன்னோர் அளவு. பகல் ஜிபி முடிந்துவிட்டால் இரவு ஜிபி கையில் இருந்தும் பகலில் பயனில்லை.

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் ஸூம் வகுப்பு என்றானபோது இந்த ஒதுக்கீடு நேரடியாகப் படிப்பில் கைவைத்தது. விண்டோஸ் 10 கேட்காமலே புதுப்பிப்பை இறக்கும். இரண்டு கணினியும் தனித்தனியே இறக்கினால் பல ஜிபி போய்விடும். ஒரு பிள்ளையின் வகுப்புக்கு இருந்த டேட்டாவை மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்பு விழுங்குவது அநியாயம். இதற்கு வழி உண்டு. பகலில் இரண்டு கணினியிலும் இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்துவிட வேண்டும். இரவில் ஒன்றில் அதை நீக்கிப் புதுப்பிப்பை இறக்கலாம். புதுப்பிப்பைக் கணினிகளுக்குள் பகிரும் டெலிவரி ஆப்டிமைசேஷன் வசதியை இரண்டிலும் உள்வீட்டு வலையமைப்புக்கு இயக்கி வைத்து, பிறகு மற்றக் கணினியிலும் 'மீட்டர்ட்' குறியை நீக்கினால், அது பெரும்பகுதியை முதல் கணினியிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.

2021இல் வரம்பற்ற பக்கேஜ்கள் இலங்கையில் வந்தன. ஆனால் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகம் விழுந்துவிடும். அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனபோது ரவுட்டரே அணைந்தது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தாலும் இணையம் இல்லை. கைபேசியை ஹொட்ஸ்பொட் ஆக்கினால் மொபைல் டேட்டா கரையும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கு மாட்டியவர்கள்தான் இரண்டு கணினியையும் தொடர்ந்து ஓட்டினார்கள், அதுவும் பக்கத்துக் கோபுரத்தில் மின்சாரம் இருக்கும் வரை.