டிக்கிக்குள் ஓர் இடி

காரில் சப்வூஃபர் மாட்டியதும் பலர் முதலில் கை வைப்பது ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகில்தான். அது வால்யூம் அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் வோல்டேஜுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு.

தேர்ந்த மெக்கானிக் காதை மட்டும் நம்பி அதைத் திருகுவதில்லை. சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைக்கிறார். ஆம்ப்ளிஃபயர் 500 வாட், சப்வூஃபர் 2 ஓம் என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 31.6 வோல்ட். மீட்டர் அந்த எண்ணைத் தொட்டதும் கை நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயரின் சக்தியை மீறித் திருகினால் ஒலி அலையின் முகடு வெட்டுப்படும். சப்வூஃபரின் வாய்ஸ் காயில் சூடேறிக் கருகும்.

அடுத்து லோ-பாஸ் ஃபில்டர். 80 ஹெர்ட்ஸில் வைத்தால் பாடகரின் குரல் கதவு ஸ்பீக்கர்களோடு நிற்கும்; பேஸ் கிட்டாரின் 41 ஹெர்ட்ஸ் தடித்த தந்தி டிக்கியில் உறுமும். ஃபேஸ் சுவிட்சை 0, 180 டிகிரி என மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் எது கனமாகக் கேட்கிறதோ அதில் விடலாம்.

எர்த் வயர் பெயின்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக வேண்டும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஃப்யூஸ் போடாமல் பவர் வயர் இழுக்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.